இந்த ரோமன் காசுல இருக்கிறது கான்ஸ்டன்டைனா, அவரோட பையனா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தேடல்83

எல்லாருக்கும் வணக்கம். எங்க மாமா ஒரு சின்ன டப்பா நிறைய பழைய காசு சேர்த்து வச்சிருந்தார், அவர் போனப்புறம் அது என்கிட்ட வந்திருக்கு. எல்லாமே ரோமானியப் பேரரசு காலத்துதுன்னு மட்டும் சொல்லுவார், மேல எதுவும் எழுதி வைக்கல. அதுல ஒரு காசை ரெண்டு வாரமா கையில வச்சு பார்த்துக்கிட்டே இருக்கேன், யாருதுன்னு பிடிபடவே இல்ல.

வெண்கலம் மாதிரி இருக்கு, கரும்பச்சை நிறம். குறுக்களவு 18 மில்லிமீட்டர், எடை 2.4 கிராம். முன்பக்கம் வலது பக்கம் பார்த்த ஒரு தலை, தாடி மீசை இல்ல, தலையில ஏதோ கட்டியிருக்கு, பின்கழுத்துல ரெண்டு ரிப்பன் தொங்குது. சுத்தி இருக்கிற எழுத்துல பாதிக்கு மேல தேஞ்சு போச்சு, தலைக்கு மேல உச்சியில மட்டும் எஸ் டி ஏ என் டி ஐ னு தெளிவா படிக்க முடியுது. பின்பக்கம் ரெண்டு போர்வீரர்கள் ஈட்டி பிடிச்சுக்கிட்டு எதிரெதிரா நிக்கிறாங்க, நடுவுல ரெண்டு கம்பம். ஜி எல் ஓ ஆர் னு ஆரம்பிக்குது. அடியில ஒரு கோடு, கோட்டுக்குக் கீழ எஸ் எம், அதுக்கப்புறம் ரெண்டு மூணு எழுத்து மங்கலா இருக்கு.

இது கான்ஸ்டன்டைன் தானே? அப்புறம் எலுமிச்சம்பழச் சாறுல போட்டு தேய்ச்சா எழுத்து தெரியும்னு ஒரு வீடியோல பார்த்தேன், செய்யலாமா?

நாணயப்பித்தன்

முதல்ல கடைசி கேள்விக்கு பதில். செய்யாதீங்க. தயவு செஞ்சு செய்யாதீங்க. மிச்சத்தை நிதானமா பேசலாம், அந்த எலுமிச்சம்பழத்தை மட்டும் தள்ளி வைங்க.

பின்பக்கம் எழுதியிருக்கிறது குளோரியா எக்ஸெர்கிடுஸ், படையோட பெருமைன்னு அர்த்தம். நடுவுல இருக்கிற கம்பம் ரெண்டும் படைக்கொடி. இந்த டைப் 330ல வெளியிட ஆரம்பிச்சாங்க, லட்சக்கணக்குல அடிச்சதால இன்னைக்கும் நிறைய கிடைக்குது. முன்பக்கம் எஸ் டி ஏ என் டி ஐ இருக்குன்னா கான்ஸ்டன்டீனுஸ், அதாவது மகா கான்ஸ்டன்டைன்னு தான் எனக்குத் தோணுது, 306ல இருந்து 337 வரைக்கும் ஆண்டவர். கொடி ரெண்டு இருக்கு, காலமும் ஒத்துப் போகுது.

டெனாரியஸ் அக்கா

பித்தன் சொன்ன டைப் சரி, காலமும் சரி. ஆனா ஆளை அவ்வளவு சீக்கிரம் முடிவு பண்ணாதீங்க. இந்தக் குடும்பத்துக் காசுல பேரை நம்பினா ஏமாந்துருவோம், அப்பா கான்ஸ்டன்டீனுஸ், அப்ப உயிரோட இருந்த பசங்கள்ல மூத்தவன் அதே கான்ஸ்டன்டீனுஸ், அடுத்தவன் கான்ஸ்டன்டியுஸ், சின்னவன் கான்ஸ்டன்ஸ். நாலு பேர் பேர்லயும் இதே டைப் வந்திருக்கு. தம்பி படிச்ச ஆறு எழுத்து முதல் மூணு பேருக்கும் பொது, சின்னவன் பேர்ல டி ஐ வராது அதனால அவன் மட்டும் கழிஞ்சான்.

இப்போ தம்பி தன்னை அறியாமலே ஒரு பெரிய துப்பு குடுத்திருக்கார். "தலைக்கு மேல உச்சியில"ன்னு எழுதியிருக்கார் பாருங்க. காசை ஒரு கடிகாரம் மாதிரி நினைச்சுக்கோங்க. இந்தக் காலத்து காசுகள்ல எழுத்து பெரும்பாலும் கீழ இடது பக்கம் 7 மணி கிட்ட ஆரம்பிச்சு கடிகாரம் சுத்துற மாதிரியே மேல ஏறி வலது பக்கம் 5 மணி கிட்ட வந்து முடியும். அப்பாவோட காசுல பேர் தான் முதல் சொல், கான்ஸ்டன்டீனுஸ் மாக்ஸ் அவ்க், சி ஓ என் எஸ் னு 7 மணியிலயே தொடங்கிரும், அப்ப எஸ் டி ஏ என் டி ஐ எங்க வரும்? முகத்துக்குப் பின்னாடி, இடது பக்கம், 9 மணியில இருந்து 11 மணிக்குள்ள. மூத்த பையனுக்கும் அதே கதை, கான்ஸ்டன்டீனுஸ் யூன் நோப் சி, யூன் னா இளையவர், பேர் தான் முன்னாடி.

நடுப் பையன் காசுல மட்டும் பேருக்கு முன்னாடி எஃப் எல் ஐ வி எல் னு அஞ்சு எழுத்து இருக்கும், ஃபிளாவியுஸ் யூலியுஸ்ங்கிறதோட சுருக்கம். அந்த அஞ்சு எழுத்து இடத்தைப் பிடிச்சுக்கிறதால பேர் நகர்ந்து மேல போயிரும், அப்ப அதே ஆறு எழுத்து 11 மணியில தொடங்கி 1 மணியைத் தாண்டும். அதாவது தலை உச்சிக்கு மேல.

அதனால தம்பி, அந்த எஸ் எத்தனை மணியில இருக்குன்னு பார்த்து சொல்லுங்க. அந்த ஐ எழுத்துக்கு அடுத்து நேர் கம்பு ஏதாவது தெரியுதான்னும் பாருங்க, என் வந்தா கான்ஸ்டன்டீனுஸ், வி வந்தா கான்ஸ்டன்டியுஸ். ரோமானியர்கள் உ ஓசைக்கும் வி தான் போடுவாங்க, அதனால காசுல எங்கேயும் யூ தேடாதீங்க.

தலையில கட்டியிருக்கிறது இலையா, இல்ல பூவும் முத்தும் கோர்த்த பட்டையா? 324, 325க்கு அப்புறம் கான்ஸ்டன்டைன் கல்லும் முத்தும் வச்ச டயடெம் போட ஆரம்பிச்சார். அது மூத்த பேரரசர், அகுஸ்டுஸ், போட்டுக்கிறது. சீசர், அதாவது பட்டத்து இளவரசர், பட்டத்துல இருக்கிற பசங்களுக்கு இந்த டைப்ல பெரும்பாலும் வெறும் இலைக் கிரீடம் தான். விதிவிலக்கு இருக்கு, ஆனா கம்மி.

நாணயப்பித்தன்

அக்கா சொல்றது சரி, நான் அவசரப்பட்டுட்டேன். எழுத்தோட இடத்தை வச்சு பார்க்கணும்னு எனக்குத் தோணவே இல்ல, என்கிட்ட இருக்கிற தேஞ்ச காசு எல்லாத்தையும் இன்னைக்கு ராத்திரி திரும்ப எடுத்துப் பார்க்கப் போறேன்.

லூப்பும் தராசும்

எடையையும் அளவையும் முதல்லயே குடுத்தீங்க பாருங்க சார், அதுக்கே நன்றி சொல்லணும், நிறைய பேர் படத்தை மட்டும் போட்டுட்டு யாருதுன்னு கேட்பாங்க. அந்த ரெண்டு எண்ணுமே இங்க பேசுது. குளோரியா எக்ஸெர்கிடுஸ்ல ரெண்டு கொடி இருக்கிறது 330ல இருந்து 335 வரைக்கும், எடை 2.5 கிராமை ஒட்டி இருக்கும், 17, 18 மில்லிமீட்டர் அகலம். 335க்கு அப்புறம் காசு எடையைக் குறைச்சாங்க, ஒன்றரை கிராம் சொச்சம், அகலம் 15 கிட்ட, அந்தச் சின்ன வட்டத்துக்குள்ள நடுவுல ஒரே ஒரு கொடி. அதனால கொடியை எண்ணினாலே வருஷம் பாதி தெரிஞ்சிரும். உங்களுதுல ரெண்டு கொடி, 2.4 கிராம், சந்தேகமே இல்லாம 330க்கும் 335க்கும் நடுவுல. இதனால இன்னொண்ணும் தெளிவாகுது, கான்ஸ்டன்டியுஸ் தான்னா அவர் 337ல அப்பா செத்து அகுஸ்டுஸ் ஆனதுக்கு அப்புறம் வந்த காசு இல்ல, சீசரா இருந்தப்ப வந்தது.

கீழ கோட்டுக்கு அடியில இருக்கிறது தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். அது நாணயச்சாலை முத்திரை. எஸ் எம் னா சாக்ரா மொனேட்டா, அரசரோட நாணயச்சாலைன்னு அர்த்தம். அதுக்கு அடுத்த எழுத்து ஊர். எஸ் எம் கே னா சிசிக்கஸ், எஸ் எம் ஹெச் னா ஹெராக்லியா, எஸ் எம் என் னா நிகோமீடியா, எஸ் எம் ஏ என் னா அந்தியோக்கியா. அதுக்கும் பின்னாடி ஒரு எழுத்து வரும், அது அந்த ஊர் நாணயச்சாலைக்குள்ள எத்தனாவது பட்டறைன்னு சொல்லும், கிழக்குப் பக்க ஊர்கள்ல கிரேக்க எழுத்து வரிசையில, மேற்குப் பக்கம் பெரும்பாலும் பி எஸ் டி க்யூ, அதாவது லத்தீன்ல முதல், ரெண்டாம், மூணாம், நாலாம்.

இதுல எல்லாரும் மாட்டிக்கிற ஒரு இடம், எஸ் எம் என் ஏ வும் எஸ் எம் ஏ என் னும். ஒரே நாலு எழுத்து தான். முதல்து நிகோமீடியாவோட முதல் பட்டறை, ரெண்டாவது அந்தியோக்கியா. ஒண்ணு இன்னைக்கு துருக்கியில இஸ்மித், இன்னொண்ணு அதே துருக்கியோட தெற்குக் கோடியில அந்தாக்யா, நடுவுல எவ்வளவு தூரம் பாருங்க. இதே மாதிரி சி ஓ என் எஸ் னு இருந்தா கான்ஸ்டான்டிநோப்பிள், பின்னாடி ஒரு டி கூட சேர்ந்து சி ஓ என் எஸ் டி னு இருந்தா அது பிரான்ஸ்ல இருக்கிற ஆர்ல்ஸ், அந்த ஊருக்கு 328 வாக்குல கான்ஸ்டன்டீனான்னு பேர் மாத்தி வச்சிருந்தாங்க.

நான் புதுசுல ஒரு காசுல கடைசியில ஒரு குட்டி முக்கோணம் இருக்கிறதைப் பார்த்து ஏதோ மதச் சின்னம்னு நினைச்சு ஒரு மாசம் தேடினேன். அது கிரேக்க டெல்டா, நாலாவது பட்டறை, அவ்வளவு தான். அதனால முக்கோணம் தெரிஞ்சா முக்கோணம்னே எழுதுங்க, நீங்களா அர்த்தம் குடுக்காதீங்க.

படிக்கிற வழி ஒண்ணு சொல்றேன். மேல இருந்து அடிக்கிற வெளிச்சத்துல பார்க்காதீங்க. ரூம் லைட்டை அணைச்சிட்டு ஒரு டார்ச்சை காசு விளிம்புக்கு நேரா, மேசையோட மேசையா படுக்க வச்சு அடிங்க, அப்புறம் காசை மெதுவா சுத்திக்கிட்டே வாங்க. தேஞ்ச எழுத்துக்கும் கொஞ்சம் மேடு மிச்சம் இருக்கும், பக்கவாட்டு வெளிச்சத்துல அந்த மேடு நிழல் விழுந்து தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு கோணம் ஒத்து வரும், பொறுமையா பண்ணுங்க.

பழைய வெண்கலம்

எலுமிச்சை பத்தி யாராவது விரிவா சொல்லணும், நான் சொல்றேன்.

பத்து வருஷம் முன்னாடி எனக்கு ஒரு வாலென்ஸ் காசு கிடைச்சுது, பேரரசர் ஒரு கைதியோட முடியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போற மாதிரி பின்பக்கம், குளோரியா ரோமானோரும்னு எழுதியிருக்கும். கரும்பச்சையா அழகா இருந்துது. எனக்கு அப்போ பளபளன்னு இருந்தா தான் காசுன்னு எண்ணம். சாறுல ஒரு ராத்திரி ஊற வச்சேன். காலையில எடுத்தா சிவப்புச் செம்பு நிறத்துல ஒரு வட்டம் இருந்துது, முகமும் இல்ல எழுத்தும் இல்ல. ஏன் அப்படி ஆச்சுன்னு அப்புறம் தான் புரிஞ்சுது, 1600 வருஷம் மண்ணுக்குள்ள இருக்கும்போது உலோகத்தோட மேல்பரப்பு கொஞ்சம் கொஞ்சமா களிம்பா மாறிடுது, அந்த முகம், எழுத்து, தலைமுடி கோடு எல்லாமே இப்ப அந்தக் களிம்பு அடுக்குல தான் இருக்கு, உலோகத்துல இல்ல. அமிலம் களிம்பைக் கரைக்கும்போது அழுக்கு மட்டும் போகல, படமே போயிருது. அடியில மிச்சம் இருக்கிறது குண்டும் குழியுமான செம்பு. அந்தக் காசை இன்னும் வச்சிருக்கேன், தூக்கிப் போட மனசு வரல.

மண்ணு ஒட்டியிருந்தா டிஸ்டில்ட் வாட்டர்ல ஊற வைங்க, தினமும் தண்ணியை மாத்துங்க, வாரக்கணக்குல ஆனாலும் பரவாயில்ல. மெத்துன்னு இருக்கிற டூத்பிரஷ், இல்லன்னா மூங்கில் குச்சி. இரும்பு பிரஷ், வினிகர், செம்புப் பாத்திரம் துலக்குற பவுடர் எதுவும் கூடாது. உங்க காசைப் பொறுத்தவரைக்கும் எழுத்து தேஞ்சு போனது புழங்கினதால, அழுக்கால இல்ல, அதனால கழுவினாலும் புதுசா எழுத்து வராது.

ஒண்ணு மட்டும் தினம் கவனிங்க. வெளிறின பச்சையில, மாவு மாதிரி, குச்சியால தொட்டா உதிர்ற புள்ளிகள் எங்கேயாவது இருக்கா? கெட்டியா வழவழன்னு இருக்கிற பச்சை நல்ல களிம்பு, அதுக்கு பயப்பட வேண்டாம். உதிர்ற பச்சை வேற, அதை பிரான்ஸ் டிசீஸ்னு சொல்வாங்க, மண்ணுல இருந்த உப்பு உலோகத்துக்குள்ள போய் குளோரைடா உட்கார்ந்திருக்கும், காத்துல ஈரம் பட்டதும் வேலையைத் தொடங்கி குழி குழியா அரிக்கும். அப்படி ஏதாவது இருந்தா மத்த காசுகள்ல இருந்து உடனே பிரிச்சு வைங்க, டப்பாவுல சிலிக்கா ஜெல் பாக்கெட் போடுங்க. மாமாவோட டப்பா மரமா? சில மரங்கள்ல இருந்து வர ஆவியே காசை அரிக்கும், பிவிசி கவரும் அப்படித்தான், அதுல இருந்தா வெளிய எடுத்துருங்க.

தேடல்83

இவ்வளவு பேர் இவ்வளவு பொறுமையா எழுதினதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. ராத்திரி லைட்டை அணைச்சிட்டு டார்ச் வச்சு ஒன்றரை மணி நேரம் பார்த்தேன்.

அக்கா, எஸ் சரியா 11 மணி. ஐ எழுத்து 1 மணியைத் தாண்டி ஒன்றரை கிட்ட இருக்கு. அதுக்கு அடுத்து வி தான், சாய்ஞ்ச ரெண்டு கோடும் அடியில சேர்றது தெரிஞ்சுது, அப்புறம் எஸ், கொஞ்சம் தள்ளி என் ஓ பி. இடது பக்கம் கீழ எஃப் எழுத்தோட மேல்கோடு மாதிரி ஏதோ ஒண்ணு இருக்கு, ஆனா அதை நீங்க சொன்னதால பார்க்கிறேனா இல்ல நிஜமாவே இருக்கான்னு உறுதியா சொல்ல முடியல. தலையில இருக்கிறது இலை தான், ரெண்டு ரெண்டா அடுக்கின மாதிரி, முத்து எதுவும் இல்ல.

கீழ எஸ் எம் ஏ என். ஏ முதல்ல, என் பின்னாடி. அதுக்கப்புறம் இருக்கிற எழுத்து பாதி விளிம்புக்கு வெளிய போயிருச்சு.

உதிர்ற பச்சை இல்ல. டப்பா தகர டப்பா, ஆனா ஒவ்வொரு காசும் பிளாஸ்டிக் கவர்ல இருந்துது, இப்போ எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டேன்.

டெனாரியஸ் அக்கா

அப்போ முடிஞ்சுது தம்பி. என் ஓ பி னா நோபிலிசிமுஸ், கூட வர சி சீசர், மிக மேன்மையான சீசர்னு பட்டத்து இளவரசனுக்குப் போடறது. அது ஒண்ணு போதும் அப்பா இல்லன்னு சொல்ல. ரெண்டாம் கான்ஸ்டன்டியுஸ், சீசரா, அந்தியோக்கியா நாணயச்சாலை, 330ல இருந்து 335.

கடைசி எழுத்து வெளிய போனதுக்கு வருத்தப்படாதீங்க. ஒரு அச்சை அடியில வச்சு, சூடான உலோக வில்லையை அது மேல வச்சு, இன்னொரு அச்சை மேல பிடிச்சு சுத்தியலால ஒரு அடி. நாள் முழுக்க அதே வேலை. நடுவுல உட்காராம ஒரு பக்கம் நகர்ந்த காசு ஏராளம், அந்த நகர்வு அங்க நின்னு அடிச்சவன் கையோட அடையாளம்னு தான் நான் நினைப்பேன்.

அப்புறம் அந்த முகத்தை இப்ப திரும்ப ஒருதரம் பாருங்க. இவன் பிறந்தது 317 ஆகஸ்ட், சீசர் ஆக்கினது 324 நவம்பர்ல, ஏழு வயசு. உங்க காசு அடிச்சப்ப பதிமூணுல இருந்து பதினெட்டு வயசுக்குள்ள இருந்திருப்பான். அப்பா செத்ததும் 337ல குடும்பத்துக்குள்ளேயே கொலை நடந்துது, சித்தப்பா, பெரியப்பா பசங்கன்னு நிறைய பேரைப் படை வெட்டிப் போட்டுச்சு, மிஞ்சின அண்ணன் தம்பி மூணு பேரும் பேரரசைப் பிரிச்சுக்கிட்டாங்க. மூத்தவன் 340ல தம்பியோட சண்டைக்குப் போய் செத்தான், சின்னவனை 350ல கலகக்காரங்க கொன்னாங்க. இவன் ஒருத்தன் தான் மிஞ்சி 361 வரைக்கும் ஆண்டான். பாரசீகத்தோட சண்டைக்காக வருஷக்கணக்குல தங்கியிருந்ததும் இதே அந்தியோக்கியாவுல தான். உங்க கையில இருக்கிறது அதெல்லாம் நடக்கிறதுக்கு முன்னாடி இருந்த பையன்.

இன்னொரு விஷயம், இது வேற காலத்துக் காசு பார்க்கிறவங்களுக்காக. கான்ஸ்டன்டைன் குடும்பத்துக் காசுல வருஷம் நேரா எழுதியிருக்காது, அதனால தான் கொடியை எண்ணி, எடை பார்த்து, ஊர் பார்த்து வரோம். அதுக்கு முந்தைய ரெண்டு நூற்றாண்டுல வேலை சுலபம். டி ஆர் பி னு பார்த்தா ட்ரிப்யூன் அதிகாரம், பேரரசர் வச்சிருந்த ஒரு பதவி அதிகாரம், வருஷா வருஷம் புதுப்பிக்கிறது, பக்கத்துல எண் இருக்கும். செவெருஸ் அலெக்சாந்தர் 222ல வந்தார், டி ஆர் பி ஆறுன்னு இருந்தா 227. சி ஓ எஸ் னா கான்சல்ங்கிற உயர் பதவி, எத்தனாவது தடவைன்னு எண் சொல்லும், டிராஜன் காசுல சி ஓ எஸ் அஞ்சுன்னு இருந்தா 103ல இருந்து 111, ஆறுன்னா 112க்கு அப்புறம். ஹட்ரியன் மட்டும் 119ல மூணாவது தடவை கான்சல் ஆனதோட நிறுத்திக்கிட்டார், சாகிற வரைக்கும் சி ஓ எஸ் மூணு தான், அவர் காசுல இந்த வழி பாதி தான் உதவும். கதிர் கதிரா முள்ளு மாதிரி கிரீடம் இருக்கிற வெள்ளிக் காசுன்னா அது 215ல காரகல்லா கொண்டு வந்த அன்டோனினியானுஸ். அதே காசு 260, 270 வாக்குல வெள்ளி கிட்டத்தட்ட இல்லாமலேயே ஆயிருச்சு, நிறம் பார்த்து வெண்கலம்னு தள்ளி வச்சிராதீங்க, கிரீடத்தைப் பாருங்க.

லூப்பும் தராசும்

பட்டியல் எண்ணு வேணும்னா ஆர்ஐசி, ரோமன் இம்பீரியல் காயினேஜ்ங்கிற காசுப் பட்டியல் புஸ்தகம், அதுல ஏழாவது தொகுதி, 313ல இருந்து 337 வரைக்கும். அந்தத் தொகுதி பேரரசர் வாரியா இல்ல, ஊர் வாரியா தான் அடுக்கியிருக்கும், அதனால தான் கீழ இருக்கிற எழுத்தைப் படின்னு அவ்வளவு வற்புறுத்தினேன். புஸ்தகம் வாங்க வேண்டாம், அமெரிக்கன் நியூமிஸ்மாட்டிக் சொசைட்டி நடத்துற ஓசிஆர்இ தளத்துல இலவசமா தேடலாம், ஊர் அந்தியோக்கியா, ஆள் ரெண்டாம் கான்ஸ்டன்டியுஸ்னு போட்டு, முன்பக்க எழுத்து, பின்பக்க எழுத்து ரெண்டும் ஒத்துப் போறதைப் பிடிங்க. படத்தை மட்டும் பார்த்து இதே மாதிரி இருக்குன்னு முடிவு பண்ணாதீங்க, இந்த டைப்ல எல்லாமே ஒரே மாதிரி தான் இருக்கும்.

தேடல்83

பார்த்துட்டேன் சார், எழுத்து ரெண்டும் ஒத்துப் போற ஒரு பதிவு கிடைச்சுது. ஒரு காகித உறை மடிச்சு, மேல பேர், ஊர், வருஷம், எடை, அகலம், ஆர்ஐசி எண் எல்லாம் எழுதி, கடைசி எழுத்து தெரியலன்னும் எழுதி வச்சேன். மாமா பேரையும் கீழ எழுதினேன்.

டப்பாவுல அடுத்து எடுத்தது இதே சைஸ். ஹெல்மெட் போட்ட ஒரு தலை இடது பக்கம் பார்க்குது, பின்பக்கம் ஒரு ஓநாய் ரெண்டு குழந்தைக்குப் பால் குடுக்குது, மேல ரெண்டு நட்சத்திரம், பின்பக்கம் எழுத்தே இல்ல. நேத்து முழுக்க எந்த அரசர்னு தேடினேன், கிடைக்கல.

டெனாரியஸ் அக்கா

அரசரைத் தேடாதீங்க தம்பி, அதுல அரசரே இல்ல. முன்பக்கம் வி ஆர் பி எஸ் ஆர் ஓ எம் ஏ னு இருக்கும், ஊர்ப்ஸ் ரோமா, ரோம் நகரம். அந்த ஹெல்மெட் தலை ரோம் நகரத்தையே ஒரு பெண் தெய்வமா காட்டறது, ஓநாய்கிட்ட இருக்கிறது ரோமுலுஸும் ரெமுஸும், ரோம் உருவான கதையில வர இரட்டைப் பசங்க. 330ல புதுத் தலைநகரம் கான்ஸ்டான்டிநோப்பிளைத் திறந்து வச்ச சமயம் பழைய நகரத்துக்கு ஒண்ணு, புதுசுக்கு ஒண்ணுன்னு ஜோடியா வெளியிட்டது. டப்பாவுல இதோட ஜோடி இருக்கான்னு தேடுங்க, அதுலயும் ஹெல்மெட் தலை தான், பின்பக்கம் சிறகு வச்ச வெற்றி தேவதை ஒரு கப்பலோட முன்முனை மேல காலை வச்சு நிப்பா. ஓநாய்க்குக் கீழ கோட்டுக்கு அடியில என்ன எழுத்து இருக்குன்னு டார்ச் அடிச்சுப் பார்த்து எழுதுங்க, எந்த ஊர்னு சொல்றேன்.